10 மில் திருப்பினால் 35.3 அங்குலம்தான் ஏறுகிறது. குறை ஸ்கோப்பிலா, என் அளவிலா?

டெக்சாஸ்_மாறன்:

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில் நண்பர் ஒருவரின் பண்ணையில் 1000 கஜம் வரை சுட இடம் கிடைத்திருக்கிறது. ரைஃபிள் 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகைக்கானது, குண்டின் எடை 140 கிரெய்ன். ஸ்கோப் (துப்பாக்கியின்மேல் பூட்டும் தொலைநோக்கி) 5-25 உருப்பெருக்கம், ரெட்டிக்கிள் (உள்ளே தெரியும் குறிக்கோடுகள்) முதல் குவியத் தளத்தில் உள்ள, அதாவது உருப்பெருக்கத்தை மாற்றினாலும் கோடுகளின் மில் அளவு மாறாத வகை, டரட் (குறியை ஏற்றி இறக்கும் திருகுக் குமிழ்) கிளிக் ஒன்றுக்கு 0.1 மில். மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்வைத் தரும் கோணம். எந்த நிறுவனத்தின் ஸ்கோப் என்பதைச் சொல்லப்போவதில்லை. குறை அதனுடையதுதானா என்று தெரியாமல் பெயரை இழுப்பது முறையல்ல.

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் காட்டுவது வினாடிக்கு 2710 அடி. அதைக் குண்டின் வீழ்ச்சியைக் கணக்கிடும் செயலியில் கொடுத்தால் 1000 கஜத்துக்கு 8.6 மில் ஏற்றச் சொல்கிறது. ஏற்றிச் சுட்டால் குண்டுகள் இரும்புத் தகட்டின் நடுவுக்குப் பத்துப் பதினோரு அங்குலம் கீழே விழுகின்றன. ஏறத்தாழ 0.3 மில் குறைவு. 600 கஜத்திலும் ஒரு கிளிக் அளவுக்குக் கீழேதான். செயலியில் வேகத்தை 2665 என்று குறைத்துப் போட்டால் எல்லாம் பொருந்திவிடுகிறது. ஆனால் நான் அளந்த வேகம் அதுவல்ல என்பது உறுத்துகிறது.

அதனால் டரட்டையே சோதிக்கலாம் என்று உயரமான பலகைச் சோதனை செய்தேன். ப்ளைவுட்டில் நீளமாகக் காகிதம் ஒட்டி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு அதன் நூலை ஒட்டிச் செங்குத்துக் கோடு போட்டேன். லேசர் தொலைவுமானியில் 100 கஜம் பார்த்துப் பலகையை நிறுத்தினேன். கீழே உள்ள புள்ளியைக் குறிவைத்து ஒரு தொகுதி சுட்டேன். அதே புள்ளியைக் குறிவைத்தபடி 10 மில் ஏற்றி இன்னொரு தொகுதி. இரண்டு தொகுதிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 36 அங்குலம் வர வேண்டும். வந்தது 35.3. மேல் தொகுதி கோட்டுக்கு அரை அங்குலம் வலப்பக்கமாகவும் இருந்தது.

35.3ஐ 36ஆல் வகுத்தால் 0.98. ஸ்கோப் 2 சதவீதம் குறைவாக நகர்கிறது என்று முடிவுகட்டிவிடலாமா? அல்லது இந்தச் சோதனையிலேயே ஏதேனும் ஓட்டை இருக்கிறதா?


மணல்மூட்டை:

இவ்வளவு பாடு எதற்கு? 2665 பொருந்துகிறது என்றால் 2665 போட்டுவிட்டுச் சுடுங்கள். செயலியில் வேகத்தைத் திருத்தும் வசதியே அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். தகடு மணியடித்தால் போதும், கணக்கு வாத்தியாருக்கு நாம் விடைத்தாள் கொடுக்கப் போவதில்லை. நான் பல ஆண்டுகளாக இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். டரட்டை ஒரு நாளும் அளந்ததில்லை, அளக்கப் போவதுமில்லை.


நேர்கோடு:

மாறன், ஒன்றைக் கவனியுங்கள். நேட்டோ படைகளின் மில் வேறு. அவர்கள் வட்டத்தை 6400 பங்காகப் பிரிக்கிறார்கள். அப்படிப் பிரித்தால் ஒரு மில் 0.982 மில்லிரேடியன்தான் வரும். அந்தக் கணக்கில் 10 மில் 100 கஜத்தில் 35.34 அங்குலம். உங்கள் 35.3 அப்படியே வந்து உட்காருகிறது பாருங்கள்! ஸ்கோப்பில் குறையே இல்லை, அலகுதான் வேறு என்று நினைக்கிறேன்.


தியோடலைட்_தாத்தா:

தம்பி மாறன், நான் நில அளவைத் துறையில் காலம் தள்ளியவன். இப்போது ஆஸ்திரேலியாவில் மகன் வீட்டில் இருக்கிறேன், இங்குள்ள சுடுதளத்தில் உறுப்பினன். கோணமும் தூரமும் என்றால் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் 35.3 அங்குலத்துக்கு மூன்று சந்தேக நபர்கள் இருக்கிறார்கள், மூவரும் ஒரே விடையைத் தருகிறார்கள். டரட் 2 சதவீதம் குறைவாக நகர்ந்தால் 35.3. டரட் அப்பழுக்கில்லாமல் இருந்து, நீங்கள் 100 கஜம் என்று நம்புவது 98 கஜமாக இருந்தால் 35.28. நேர்கோடு சொல்லும் 6400 கணக்கில் 35.34. பலகையை மட்டும் எத்தனை முறை அளந்தாலும் இந்த மூன்றையும் பிரித்தறிய முடியாது.

நேர்கோடு சொன்னதை முதலில் கழித்துவிடலாம். கணக்கு சரி, இடம் தவறு. 6400 பீரங்கிக்காரர்களின் பிரிவு. சோவியத் படைகள் 6000 ஆகப் பிரித்தன. உங்கள் டரட்டின் விளிம்பிலோ கையேட்டிலோ ஒரு கிளிக் 100 மீட்டரில் 1 செ.மீ. என்று போட்டிருக்கும். அப்படி இருந்தால் அது மில்லிரேடியன், தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பேச்சு முடிந்தது. எண்கள் பொருந்துவதாலேயே காரணமும் பொருந்திவிடாது.

இப்போது தூரம். 100 கஜத்தில் ஒரு கஜம் பிசகினால் 1 சதவீதம் போயிற்று. கையடக்க லேசர் தொலைவுமானிகள் பெரும்பாலும் ஒரு கஜம் இப்படி அப்படிக் காட்டக்கூடியவை. மானை அளக்க அது தாராளம். 1 சதவீதக் குறையைத் தேடும் வேலைக்கு அது உதவாது. 1802இல் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அங்குலம் அங்குலமாக அளந்த பிறகுதான் தியோடலைட் என்ற கோணமானியை வைத்துக்கொண்டு தென்னிந்தியா முழுக்கக் கோணம் எடுக்கப் புறப்பட்டார். அடிக்கோடு பிசகினால் அதன்மேல் எழுப்பிய முக்கோணங்கள் அத்தனையும் பிசகும். உங்களுக்கு ஏழரை மைல் வேண்டாம், 300 அடி போதும்.

100 அடி நாடாவை வாங்குங்கள். பலகையின் முகத்திலிருந்து ஸ்கோப்பின் முகப்பு வில்லை வரை அளக்க வேண்டும். துப்பாக்கியின் வாயிலிருந்து அளக்காதீர்கள், மேசையின் விளிம்பிலிருந்தும் வேண்டாம். வாய்க்கும் முகப்பு வில்லைக்கும் இடையே ஒன்றரை அடி இருந்தாலே அது அரை சதவீதம். நாடாவை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். புல்லின்மேல் வளைந்து நெளிந்து கிடக்கும் நாடா தூரத்தைக் கூட்டிக் காட்டும். ஒவ்வொரு 100 அடிக்கும் ஆணியடித்து அந்த ஆணியிலிருந்து அடுத்ததைத் தொடங்குங்கள். 100 கஜம் துல்லியமாக வர வேண்டும் என்று பலகையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். வருகிற தூரம் வரட்டும், அங்குலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நகர்ந்த அங்குலத்தைத் தூரத்தின் அங்குலத்தால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் உண்மையான மில் வந்துவிடும்.

நாடா வருவதற்கு முன்பே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, ஏனோ பலர் இதைச் செய்வதில்லை. உங்களுடையது முதல் குவியத் தள ரெட்டிக்கிள். அதன் கோடுகள் கண்ணாடியில் பொறிக்கப்பட்டவை, டரட்டின் திருகோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை. ரெட்டிக்கிளில் 10 மில் நீளத்தைப் பலகைமேல் வைத்துப் பாருங்கள். அதுவும் 35.3 அங்குலத்தைத்தான் மூடுகிறது என்றால் முதலில் தூரத்தைச் சந்தேகியுங்கள். ரெட்டிக்கிள் 36 காட்டி டரட் மட்டும் 35.3 காட்டினால் டரட் மாட்டிக்கொண்டது.

ஏன் இப்படி ஆகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். டரட்டைத் திருப்பும்போது உள்ளே ஒரு திருகு இறங்கி, ரெட்டிக்கிளைத் தாங்கும் உட்குழாயைத் தள்ளுகிறது. எதிர்ப்பக்கம் ஒரு வில்சுருள் அதைத் தாங்குகிறது. திருகு தள்ளிய நீளத்தை முகப்பு வில்லைத் தொகுதியின் குவியத்தூரத்தால் வகுத்தால் வருவதுதான் ஒரு கிளிக்கின் கோணம். திருகின் புரி இம்மி பிசகினாலும் எல்லாக் கிளிக்குகளும் ஒரே விகிதத்தில் பிசகும். குவியத்தூரம் பிசகினால் ரெட்டிக்கிளும் சேர்ந்து பிசகும். விகிதம் ஒன்றாகவே இருக்கும்வரை கவலையில்லை, ஓர் எண்ணால் பெருக்கிச் சரிசெய்துகொள்ளலாம். 5 மில் வரை ஒழுங்காக நடந்து அதன்பிறகு நொண்டினால்தான் ஆபத்து. அதைத் திருத்த எண் எதுவும் கிடையாது. ஆகவே 10 மில்லை மட்டும் அளக்காமல் 2.5, 5, 7.5 ஆகிய இடங்களிலும் நின்று அளந்துகொண்டே போங்கள்.

அடுத்து, சுட்டு அளப்பது. மூன்று நான்கு குண்டுகள் ஓர் அங்குலத்துக்குள் விழுந்தாலும் அந்தத் தொகுதியின் உண்மையான நடு எங்கே என்பதில் கால் அங்குலம் சந்தேகம் இருக்கும். இரண்டு தொகுதிகளைக் கழிக்கும்போது சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். 36 அங்குலத்தில் அதுவே 1 சதவீதத்தைத் தொடும். தேடும் பிழை எவ்வளவோ, அளவுகோலின் பிழையும் ஏறத்தாழ அவ்வளவு. டரட்டின் மதிப்பை அளக்கக் குண்டு தேவையே இல்லை என்பது என் கட்சி. ஸ்கோப்பை அசையாமல் பிடித்து வைத்து, 25 மடங்கில் கண்ணால் பார்த்து, பலகையில் குறுக்குக்கோடு எங்கே நிற்கிறது என்று படியுங்கள். பத்தில் ஒரு அங்குலம் வரை படிக்கலாம். அதற்குக் காலை வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும், கானல் எழுந்துவிட்டால் கோடு நெளியும். சுட்டுப் பார்ப்பது பிறகு, அதிர்ச்சியில் ஏதும் நழுவுகிறதா என்று உறுதிசெய்ய மட்டும்.

மணல்மூட்டைக்கு ஒரு வார்த்தை. குண்டின் வீழ்ச்சி ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. வேகத்தை 1 சதவீதம் குறைத்துப் போட்டால் வீழ்ச்சி 2 சதவீதம் கூடும். ஸ்கோப்பின் 2 சதவீதக் குறையும் எல்லாத் தூரத்திலும் 2 சதவீதம்தான். ஆகவே பொய்யான வேகம் அந்தக் குறையின்மேல் கச்சிதமாகப் பொருந்தும், நீங்கள் ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்காமல் இருப்பதற்கும் அதுதான் காரணம். ஆனால் என்றைக்காவது டரட்டைத் தொடாமல் ரெட்டிக்கிளின் கோட்டை ஏற்றிப் பிடித்துச் சுடுங்கள். ரெட்டிக்கிள் சரியாக இருக்கும், செயலி பொய் வேகத்துக்குக் கணக்குச் சொல்லும், குண்டு தகட்டுக்கு மேலே போகும். அப்போது காற்றைத் திட்டுவீர்கள்.

கடைசியாக, மாறன் கேட்காத ஒன்று. மேல் தொகுதி அரை அங்குலம் வலம் போனது தற்செயல் அல்ல என்று எடுத்துக்கொண்டால், 36க்கு அரை என்பது முக்கால் பாகைக்கும் சற்றுக் கூடுதலான சாய்வு. உயரத்தை அது கெடுக்காது, 2 பாகை சாய்ந்தாலும் உயரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. பக்கவாட்டில் மட்டும் 1000 கஜத்தில் நான்கு அங்குலத்துக்கு மேல் தள்ளும். ஸ்கோப்பை வளையத்தில் பூட்டும்போது ரசமட்டத்தைத் துப்பாக்கியின்மேல் வைத்தால் மட்டும் போதாது. ரெட்டிக்கிளின் செங்குத்துக் கோடு தூக்குக்குண்டு நூலோடு ஒட்டி நிற்கிறதா என்று ஸ்கோப்புக்குள்ளேயே பார்க்க வேண்டும்.


டெக்சாஸ்_மாறன்:

ஐயா, மிக்க நன்றி. ரெட்டிக்கிளை வைத்தே தூரத்தைச் சோதிக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு சந்தேகம். துப்பாக்கியை மணல் பைகளுக்கு நடுவே அழுத்தி வைத்து, நண்பரைப் பலகை அருகே நிறுத்தி, குறுக்குக்கோடு நிற்கும் இடத்தை அவரைப் பென்சிலால் குறிக்கச் சொல்லலாமா? போல்ட்டை (தோட்டாவை உள்ளே பூட்டும் பகுதியை) கழற்றிவிடுவேன்.


தியோடலைட்_தாத்தா:

கூடாது. போல்ட் கழன்றிருந்தாலும் கூடாது. முன்னால் ஆள் நிற்கும்போது துப்பாக்கியின் பின்னால் யாரும் உட்காரக் கூடாது என்பது எந்தச் சுடுதளத்திலும் முதல் விதி. சொந்தப் பண்ணை என்பதால் அது தளராது. கழற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களின் கதைகள் எனக்குப் போதுமான அளவு தெரியும்.

ஸ்கோப்பைத் துப்பாக்கியிலிருந்து கழற்றுங்கள். வளையங்களோடு அப்படியே வரட்டும். ஒரு சாண் நீளப் பிக்கட்டினி ரயில் (ஸ்கோப் வளையங்களைப் பூட்டும் பள்ளங்கள் உள்ள பட்டை) துண்டைக் கனமான இரும்புப் பட்டையில் திருகி, அந்தப் பட்டையை மேசையோடு சி கிளாம்பால் இறுக்குங்கள். மணல் பை இந்த வேலைக்கு ஆகாது, டரட்டைத் திருப்பும் விரலின் விசையே அதை நகர்த்திவிடும். பழைய ஸ்கோப் இன்னொன்று இருந்தால் அதையும் அதே ரயிலில் பின்னால் பூட்டி, பலகையில் ஒரு புள்ளியைப் பார்க்கும்படி விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை திருப்பிய பிறகும் அதில் எட்டிப் பாருங்கள். அதன் குறுக்குக்கோடு அந்தப் புள்ளியிலேயே இருந்தால் அடித்தளம் அசையவில்லை என்று பொருள்.

பலகையில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் கோடு போட்டு எண் எழுதிவிட்டால் அங்கே ஆளே வேண்டாம். எஃகு அளவுகோலை வைத்துக் கோடு போடுங்கள், தையல்காரர் நாடா நீளும். தொடங்கும்போது குறுக்குக்கோடு பலகையின் மேல்முனையில் இருக்கட்டும். நீங்கள் ஏற்ற ஏற்ற அது பலகையில் கீழே இறங்கும். குண்டு மேலே போக வேண்டுமானால் பார்வைக்கோடு கீழே போக வேண்டும் அல்லவா. இன்னொன்று, எப்போதும் ஒரே திசையில் திருப்பியே குறிக்கு வாருங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி வாருங்கள், திருகின் புரியில் இருக்கும் தளர்வு அப்போதுதான் அளவில் ஏறாது. பக்கவாட்டு ஃபோகஸை ஒருமுறை பலகைக்குச் சரிசெய்துவிட்டுப் பிறகு தொடாதீர்கள்.

பலகை பின்னால் சாய்ந்திருந்தால் நகர்வு கூடுதலாகத் தெரியும். 8 பாகை சாய்வு 1 சதவீதம். உங்கள் பலகை அப்படிச் சாய்ந்திருந்தால் உண்மையான குறை 35.3 காட்டுவதைவிடப் பெரியது. ரசமட்டத்தை அதன் முகத்தில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.


கால்கரி_வானதி:

எம்ஓஏ ஸ்கோப் (மில்லுக்குப் பதிலாகப் பாகையின் அறுபதில் ஒரு பங்கை அலகாகக் கொண்டது) வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால் அவர்களுக்காக ஒரு குறிப்பு. எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய 30-06 ரைஃபிள் வந்து சேர்ந்தது, அதில் பழைய வேட்டை ஸ்கோப். கிளிக்குக்குக் கால் எம்ஓஏ என்றே எல்லோரும் சொல்லி வந்தார்கள், நானும் செயலியில் அப்படியே போட்டேன். 300 கஜம் வரை வித்தியாசம் தெரியவில்லை. அதற்கு அப்பால் குண்டு தொடர்ந்து கீழே விழுந்தது.

அது உண்மையில் 100 கஜத்தில் கால் அங்குலம் நகரும் ஸ்கோப். அந்தக் காலத்து வேட்டை ஸ்கோப்புகளில் அங்குலக் கணக்கு சாதாரணம். உண்மையான எம்ஓஏ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, 100 கஜத்தில் 1.047 அங்குலம். வித்தியாசம் 4.7 சதவீதம், மாறனின் குறையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கண்டுபிடிக்க எளிய வழி 120 கிளிக் திருப்பிப் பார்ப்பது. 30 அங்குலம் நகர்ந்தால் அங்குல ஸ்கோப், 31.4 நகர்ந்தால் எம்ஓஏ. இடையில் எங்காவது நின்றால் தாத்தா சொன்ன நாடாவை எடுங்கள். 30 எம்ஓஏ 100 கஜத்தில் கணிதத்தின் பை (π) எண்ணைப் பத்தால் பெருக்கிய அங்குலம், 31.416. மனப்பாடம் செய்ய இதைவிட வசதியான எண் கிடைக்காது.

கனடாவில் எங்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. ஒரு சுடுதளத்தில் பலகைகள் மீட்டரில் நிற்கும், பக்கத்து ஊரில் கஜத்தில் நிற்கும். 100 மீட்டரை 100 கஜம் என்று எடுத்துக்கொண்டால் 9 சதவீதத்துக்கு மேல் தவறும், பிறகு நல்ல ஸ்கோப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். மில் ஸ்கோப் உள்ளவர்கள் 100 மீட்டரிலேயே சோதிக்கட்டும். 10 மில்லுக்கு ஒரு மீட்டர், கணக்கே வேண்டாம்.

மாறன், வளையத்தின் திருகுகளை எவ்வளவு இறுக்கியிருக்கிறீர்கள்? அளவுக்கு மீறி இறுக்கினால் வெளிக்குழாய் நசுங்கி உட்குழாயைப் பிடித்துக்கொள்ளும். டார்க் ஸ்குரூடிரைவர் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் திருப்புளி) வைத்துக் கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


டெக்சாஸ்_மாறன்:

எல்லோருக்கும் நன்றி. அளந்துவிட்டேன், விவரம் தருகிறேன்.

கையேட்டில் 100 மீட்டரில் 1 செ.மீ. என்றே இருக்கிறது. நேர்கோடு, 6400 கணக்கு இல்லை.

வளையத் திருகுகள் கையேடு சொன்ன அளவிலேயே இருந்தன. ஸ்கோப்பைக் கழற்றி, தாத்தா சொன்னபடி ரயில் துண்டில் பூட்டி, பழைய 3-9 ஸ்கோப்பைக் காவலுக்கு வைத்தேன். பலகையை அது நின்ற இடத்திலேயே விட்டு நாடா பிடித்தோம். முகப்பு வில்லை வரை 298 அடி. அதாவது 99 கஜம் 1 அடி, அங்குலத்தில் 3576. லேசர் அதை 100 என்றே காட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தூரத்தில் 10 மில் என்றால் 35.76 அங்குலம் வர வேண்டும்.

ரெட்டிக்கிளின் 10 மில், கண் படித்த அளவில், 35.75க்குப் பக்கத்தில் நின்றது. நாடா சொன்னதையே ரெட்டிக்கிளும் சொன்னது, இதைப் பார்த்தபோது உண்மையிலேயே மகிழ்ச்சி.

டரட்டை ஏற்றியபோது 2.5இல் 8.8 அங்குலம், 5இல் 17.65, 7.5இல் 26.5, 10இல் 35.3. திரும்பி வந்தபோது பூஜ்யம் பிசகாமல் பூஜ்யத்திலேயே நின்றது. காவல் ஸ்கோப் அசையவில்லை. ரசமட்டத்தில் பலகையும் செங்குத்து.

35.3ஐ 3576ஆல் வகுத்தால் 9.87 மில். ஆக டரட்டின் குறை 1.3 சதவீதம், என் முதல் கணக்கில் இருந்த மீதி தூரத்தின் வேலை. ஆனால் 8.6 மில்லில் 1.3 சதவீதம் என்றால் 0.11, ஒரே ஒரு கிளிக். 1000 கஜத்தில் எனக்குக் குறைவது மூன்று கிளிக். மற்ற இரண்டும் எங்கே போயின? இந்த ஸ்கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டுமா?


மணல்மூட்டை:

ரெட்டிக்கிளில் பிடித்துச் சுடும்போது மேலே போகும் என்று தாத்தா சொன்னதைப் போன வாரம் சோதித்துப் பார்த்தேன். 800 கஜத்தில் டரட்டில் ஏற்றிச் சுட்டால் தகட்டின் நடு, ரெட்டிக்கிளில் பிடித்தால் தகட்டின் மேல்விளிம்பு. பலகை செய்ய ப்ளைவுட் வாங்கி வைத்திருக்கிறேன். இதற்குமேல் எதுவும் கேட்காதீர்கள்.


தியோடலைட்_தாத்தா:

மணல்மூட்டையிடம் நான் எதுவும் கேட்கப் போவதில்லை.

மாறன், நல்ல அளவு. நான்கு இடத்திலும் ஒரே விகிதம், பூஜ்யத்துக்கு ஒழுங்காகத் திரும்புகிறது. இந்த ஸ்கோப்பை நான் திருப்பி அனுப்ப மாட்டேன். 1 சதவீதத்துக்குள் என்றால் குறித்துவைத்துக்கொண்டு மறந்துவிடலாம். 2ஐத் தாண்டினாலோ, விகிதம் இடத்துக்கு இடம் மாறினாலோ, பூஜ்யத்துக்குத் திரும்ப மறுத்தாலோ பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டியதுதான். உங்களுடையது நடுவில் நிற்கிறது. எந்தப் பக்கம் எவ்வளவு பிசகுகிறது என்று தெரிந்துவிட்ட கருவி, சரியாக இருக்கும் என்று சும்மா நம்பப்படும் கருவியைவிட எனக்கு மேல்.

கீழே விழுந்தாலோ பயணத்தில் அடிபட்டாலோ மறுபடி அளங்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து லாம்ப்டனின் பெரிய தியோடலைட் மோதி நசுங்கியது. மனிதர் வாரக்கணக்கில் உட்கார்ந்து வட்டத்தை நிமிர்த்தித் திரும்பவும் வேலைக்குக் கொண்டுவந்தார். உங்கள் ஸ்கோப்பை அப்படி நிமிர்த்த முடியாது, அளக்கத்தான் முடியும்.

செயலியில் திருத்தக் காரணி போடும் இடம் இருக்கும், சிலவற்றில் கிளிக் மதிப்பையே 0.0987 என்று எழுதலாம். காரணி கேட்டால் 0.987 போடுவதா, தலைகீழாக 1.013 போடுவதா என்பது செயலிக்குச் செயலி மாறும். ஊகிக்க வேண்டாம். வேண்டுமென்றே 0.5 போட்டுப் பாருங்கள். 8.6 என்பது 17.2 ஆனால் உங்களுக்கு 0.987. 4.3 ஆனால் 1.013. சரியாகப் போட்டபின் 8.7 காட்ட வேண்டும்.

மீதி இரண்டு கிளிக்குக்கு வருவோம். 100 கஜப் பூஜ்யத்தை (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும் டரட் நிலையை) எத்தனை குண்டு சுட்டு வைத்தீர்கள்? மூன்று குண்டில் வைத்த பூஜ்யம் மூன்றில் ஒரு அங்குலம் பிசகியிருப்பது மிகச் சாதாரணம், அது எல்லாத் தூரத்திலும் ஒரு கிளிக். பத்துக் குண்டு சுட்டு நடுவைக் கணக்கிட்டுப் பூஜ்யத்தை மறுபடி வையுங்கள். அதன்பிறகும் குறைந்தால் குரோனோகிராஃப் பக்கம் திரும்புங்கள். ஒளியை உணரும் வகையாக இருந்தால் வெயிலைப் பொறுத்து 1 சதவீதம் ஏமாற்றுவது அதற்குப் புதிதல்ல, 2710இல் அது 27 அடி. ராடார் வகை யாரிடமாவது கிடைத்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். இவை இரண்டும் முடியும்வரை செயலியின் வேகத்தில் கைவைக்காதீர்கள்.


டெக்சாஸ்_மாறன்:

0.5 போட்டதும் 17.2 வந்தது. 0.987 போட்டேன், 8.7 காட்டுகிறது. பூஜ்யம் மூன்று குண்டில் வைத்ததுதான், மறுபடி வைக்கிறேன். ரெட்டிக்கிளையும் தூக்குக்குண்டு நூலுக்கு நேராக்கி வளையங்களைப் பூட்டிவிட்டேன். ராடார் கருவி பக்கத்து ஊர் நண்பரிடம் இருக்கிறது, கேட்டிருக்கிறேன்.

கிடைமட்ட டரட்டையும் இதேபோல் அளக்க வேண்டுமா? அதன் திருகு தனி அல்லவா.


தியோடலைட்_தாத்தா:

தனித் திருகுதான், அதன் பிழையும் தனியாக இருக்கலாம். அதே பலகையைப் படுக்கவைத்து ரசமட்டம் பார்த்து, நடுவிலிருந்து இடம் 3 மில், வலம் 3 மில் அளந்தால் போதும். காற்றுக்காக அதற்குமேல் திருப்பும் நாளில் நீங்கள் சுடப் போக மாட்டீர்கள். உயர டரட்டை 8 மில்லுக்கு ஏற்றி வைத்துக்கொண்டும் ஒருமுறை இடவலம் அளந்துவிடுங்கள். உட்குழாய் ஓரத்துக்குப் போகும்போது சில ஸ்கோப்புகளில் பக்கவாட்டு நகர்வு சுருங்கும், நீங்கள் 1000 கஜத்தில் சுடும்போது அது நிற்கும் இடம் அந்த ஓரம்தான்.